எல்லைக்கோடும் உள்ளூராரும்

தேசப்படம் வரைதல் நெடுங்காலம் பெரும்பாலும் அரசுகளின் கையிலேயே இருந்து வந்தது. 2004 இல் இங்கிலாந்தில் தோன்றிய ஓப்பன்ஸ்ரீற்மப் அதனை இணையத்தின் வழிப் பொதுமக்களுக்கு உரியதாக்கிற்று. நிலத்தில் உள்ளவாறே வரைதல் வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. உள்ளூராரின் அறிவுக்கு முதன்மை தந்த இவ்விதியே கிரிமியாவில் படைபலத்திற்குச் சான்று பகர நேர்ந்தது.

2014 இல் ருஷ்யா அக்குடாநாட்டைக் கைப்பற்றியபின், தரவுப் பணிக்குழு அதனை இரு நாடுகளின் எல்லைக்குள்ளும் காட்டுமாறு பணித்தது. 2018 நவம்பரில் அக்குழுவே ருஷ்ய எல்லைக்குள் மட்டும் காட்டத் தீர்மானித்தது. உக்ரேனிய வரைவாளர் எதிர்த்தனர். டிசெம்பரில் பணிப்பாளர் சபை அத்தீர்மானத்தை நீக்கிப் பழைய நிலையை மீட்டது.

மத்திய மேற்பார்வை இன்றேல் ஒருவர் வரைந்த கோட்டை மற்றவர் அழித்த வண்ணமே இருப்பர். எனினும், விதியைக் காப்பதோடு மத்தியின் கடமை முடிவதில்லை. அவ்விதி யாருக்குத் துணைபோகின்றது என வினவுவதும் அதன் கடமையேயாம்.