தேவாலயப் பாடகர் குழு (புதுச்சேரி)

புதுச்சேரி நகரத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியிலும் திருவிழாக்களிலும் சம்பளம் வாங்காமல் பாடும் பங்கு மக்களின் குழு. பேச்சில் ‘கொயர்’, அறிவிப்புப் பலகையில் ‘பாடகர் குழு’. தொழில்முறைக் கச்சேரிக்காரர்கள் இதில் அரிது. அரசு அலுவலர், செவிலியர், ஆசிரியர், கடைக்காரர், கல்லூரி மாணவர், ஓய்வு பெற்றவர் என்று பலரும் சனிக்கிழமை மாலையை இதற்கென ஒதுக்கிவைத்துக் கூடுகிறார்கள். நகரத்தில் முறையான இசைப் பள்ளிக்குப் போகாதவர்கள் பலருக்குச் சுருதியும் தாளமும் பழகக் கிடைத்த ஒரே இடம் இதுதான். அந்தக் காரணத்துக்காகவே இது இன்னும் கவனமாக எழுதப்பட வேண்டிய நிறுவனம்.

மிஷன் வீதியில் உள்ள அமலோற்பவ அன்னைப் பேராலயம் (மக்கள் வழக்கில் சம்பா கோயில்), ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள இயேசுவின் திரு இருதய பசிலிக்கா, கடற்கரையை ஒட்டிய தூய தேவதைகளின் அன்னை ஆலயம் (கப்ஸ் கோயில்) ஆகிய மூன்றும் நகரத்தின் முக்கியக் கோயில்கள். முதலாவதன் இப்போதைய கட்டடம் 1791இல் முடிந்தது. முன்பு அங்கிருந்த கோயிலை 1761இல் நகரத்தோடு சேர்த்து ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். கப்ஸ் கோயில் 1855ஆம் ஆண்டுக் கட்டடம். திரு இருதயக் கோயிலில் 1907இல் வழிபாடு தொடங்கியது, 2011இல் அது பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்ற மூன்று மொழிகளிலும் ஞாயிறு வழிபாடு நடக்கும் ஊர் என்பதால் இங்கே ஒரே பாடகர் இரண்டு மொழிப் பாட்டுப் புத்தகங்களை வைத்திருப்பது வியப்பில்லை.

வாரமும் ஆண்டும்

திருப்பலியின் வரிசைதான் குழுவின் வேலைத் திட்டம். வருகைப் பாடல், பதிலுரைப் பாடல், அல்லேலூயா, காணிக்கைப் பாடல், தூயவர், திருவிருந்துப் பாடல், நன்றிப் பாடல் என்று அது போகும். சொல் மாறாத ‘தூயவர்’ தவிர மற்றவை அந்தந்த ஞாயிற்றின் வாசகங்களுக்குப் பொருந்தவேண்டும். தேர்வைக் கொயர் மாஸ்டர் செய்வார். சில பங்குகளில் அருட்சகோதரி ஒருவர் செய்வார். பயிற்சி பெரும்பாலும் பழைய பாட்டில் தொடங்கும். குரல் சூடேறிய பிறகே புதுப் பாட்டு. மாஸ்டர் ஒரு வரி பாட, மற்றவர்கள் திருப்பிச் சொல்லுவார்கள். இசைக்குறியீடு படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே என்பதால் காதுதான் ஏடு. ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்து குழுவுக்கு அனுப்ப, வாரத்தில் வண்டியிலும் சமையலறையிலும் அது ஓடும்.

உழைப்பு உச்சத்துக்குப் போவது டிசம்பரில். எட்டாம் தேதி அமலோற்பவ அன்னை விழா. அதற்கு முன் ஒன்பது நாள் நவநாள். உடனே கிறிஸ்துமஸ் கேரல் தொடங்கிவிடும். கேரல் குழு அன்பியம் அன்பியமாக (பங்கின் சிறு சமூகங்கள்), வீடு வீடாகப் போகும். அதே மாதம் மார்கழி பிறந்து, அதிகாலையில் பெருமாள் கோயில், பிள்ளையார் கோயில் பஜனைக் கோஷ்டிகளும் தெருவில் வரும். ஒன்று முன்னிரவு, மற்றொன்று விடியற்காலை. சம்பளமில்லாத சாதாரணக் குரல்கள் கூடித் தெருவில் நடந்து பாடும் வழக்கம் இந்த ஊரில் ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல.

திருமணமும் அடக்கத் திருப்பலியும் வேறு வகை. அவை வேலை நாட்களில் வரும். அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்து இறுதிப் பாட்டுப் பாடித் திரும்புகிறவர்கள் குழுவின் முதுகெலும்பு. திருமணத்தில் கிடைக்கும் அன்பளிப்பு வழக்கமாகக் கீபோர்டு பழுதுக்கும் ஆண்டு உல்லாசப் பயணத்துக்கும் போகும்.

யார் பாடலாம்?

இந்தக் குழுக்களின் வரலாற்றை, யாருக்குப் பாட அனுமதி இருந்தது என்ற கேள்வியின் வரலாறாகவே படிக்கலாம்.

முதல் பக்கம் புதுச்சேரியிலேயே எழுதப்பட்டது. 1703 நவம்பரில் இங்கு வந்திறங்கிய திருத்தந்தையின் தூதர் ஷார்ல் தோமா மையார் தெ தூர்னோன், தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழக்கங்களை விசாரித்து 1704 ஜூன் 23ஆம் தேதியிட்ட ஆணையை வெளியிட்டார். ‘மலபார் சடங்குகள்’ என்று திருச்சபை வரலாற்றில் பேசப்படும் சர்ச்சையின் மையம் அது. தாலி, பூப்புச் சடங்கு, திருநீறு முதலியவற்றோடு அந்த ஆணை இசைக்காரர்களையும் தொட்டது. கிறிஸ்தவரான இசைக் கலைஞர்கள் இந்துக் கோயில்களிலும் அவற்றின் விழாக்களிலும் வாசிக்கக் கூடாது என்றது. பரம்பரையாக மேளம் கொட்டியும் குழல் ஊதியும் பிழைத்த குடும்பங்களுக்கு அது பிழைப்பின் மேல் விழுந்த அடி. இயேசு சபையார் ஆணையை எதிர்த்து முறையிட்டார்கள். இழுத்துக்கொண்டே போன விவகாரத்தை 1744இல்தான் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் முடித்துவைத்தார்.

அடுத்த பக்கம் சாதி. ஒதுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கக் கோயிலுக்குள்ளேயே நின்ற சுவரைப் பற்றியும், 1745இல் அதை அகற்றியபோது எழுந்த சச்சரவைப் பற்றியும், பிரெஞ்சு ஆட்சியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பேசுகிறது. ஒரே கூரையின் கீழ் சுவர் வைத்துப் பிரித்த சபையில் ஒன்றாகச் சேர்ந்த குரல் எப்படி எழும்? பாடகர் குழு பற்றிய எந்த நேர்மையான வரலாறும் இந்தக் கேள்வியைத் தாண்டிப்போக முடியாது.

பெண்களுக்கான கதவு இன்னும் தாமதமாகத் திறந்தது. திரு இருதயக் கோயில் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், 1903 நவம்பர் 22 அன்று, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருச்சபை இசை பற்றி ஓர் ஆணை தந்தார். பாடகர் குழு வழிபாட்டுப் பணி செய்கிறது, ஆகவே பெண்கள் அதில் இடம்பெற முடியாது, உயர்ந்த குரல் வேண்டுமானால் சிறுவர்களைப் பாடவைக்கலாம் என்றது அது. பியானோவும் முரசு, தாளம் போன்ற ஓசை மிகுந்த கருவிகளும் விலக்கப்பட்டன. 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர், ஆண்களிடமிருந்து பிரிந்து பீடப்பகுதிக்கு வெளியே நிற்பதென்றால் பெண்களும் பாடலாம் என்று தளர்த்தினார். ஆணும் பெண்ணும் கலந்த குழுவையும், உண்மையான தேவை இருந்தால் பெண்கள் மட்டுமே உள்ள குழுவையும் ஏற்றது வத்திக்கானின் 1967ஆம் ஆண்டு வழிகாட்டிதான். இன்று நகரத்தின் குழுக்களைப் பெரும்பாலும் தாங்கிப் பிடிப்பவர்கள் பெண்கள். 1967வரை அவர்களுக்கு விதிப்படி அங்கே முழு இடம் இல்லை என்பதை இளம் பாடகிகள் அறிந்திருப்பது நல்லது.

மொழியும் அதே காலத்தில்தான் மாறியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட வழிபாட்டு ஏடு தாய்மொழிக்கு வழிவிட்டது. அதற்கு முன் லத்தீன் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பொருள் தெரியாமலேயே நெட்டுருப் போட்டுப் பாடிய தலைமுறை ஒன்று உண்டு. புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. சட்டப்படி சேர்ந்த ஓராண்டுக்குச் சற்றுப் பின் பூசையின் மொழி மாற வழி பிறந்தது. இரண்டும் தொடர்பில்லாத முடிவுகள்தாம். ஆனாலும் பீடத்திலிருந்து தமிழ் கேட்ட அந்த ஆண்டுகள் இந்த ஊரின் பாடகர்களுக்கு இரட்டைத் திருப்பம்.

குரல்களும் ராகங்களும்

மேற்கத்தியக் கூட்டிசையில் குரல்கள் நான்காகப் பிரியும்: சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ். தமிழ்ப் பாட்டில் பங்குக் குழுக்கள் பெரும்பாலும் ஒரே மெட்டை எல்லாரும் சேர்ந்து பாடுகின்றன. பல்லவியில் மட்டும் ஆல்ட்டோ ஒரு காந்தார இடைவெளி கீழே இறங்கும். இதைச் சோம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. இதற்கு இசையிலேயே காரணம் இருக்கிறது.

சங்கராபரணத்தின் சுரங்களும் மேற்கத்திய மேஜர் அளவின் சுரங்களும் ஒன்றே. அதனால்தான் முத்துசாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளை அந்த ராகத்தில் நோட்டுசுர சாகித்யங்களாக அமைக்க முடிந்தது. அந்த ராகத்தை ஒட்டிய தேவாலயப் பாடல்களுக்கு நான்கு குரல் போடுவது சுலபம். நடபைரவி மைனர் அளவோடு ஒத்துப்போகும். மாயாமாளவகௌளையில் வந்தால் சிக்கல். அங்கே ரிஷபம் சுத்த ரிஷபம், ஷட்ஜத்தை ஒட்டி நிற்பது. கீபோர்டுக்காரர் பழக்கத்தில் பஞ்சமத்தை அடியாக வைத்து மேஜர் கார்டைப் பிடித்தால், அதில் வரும் சதுஸ்ருதி ரிஷபம் பாடுகிறவர்களின் ரிஷபத்தோடு மோதும். கமகம் இன்னொரு சங்கடம். ஒருவர் அசைக்கும் காந்தாரத்தை முப்பது பேர் ஒரே போல அசைக்க முடியாது. குழு அதை நேராக்கிவிடும், ராகம் மெலிந்துவிடும். நல்ல மாஸ்டர் இங்கே கார்டுகளைக் குறைத்து, ஷட்ஜ பஞ்சமத்தை மட்டும் அடியில் நிறுத்தி, மெட்டை வாழவிடுகிறார்.

சொல்லிலும் இதே கவனம் தேவை. தமிழ் குறிலும் நெடிலுமாக அளந்த மொழி. ஐரோப்பிய மெட்டுக்கு மொழிபெயர்த்த பாட்டில் குறில் நீண்ட சுரத்தில் விழுந்தால் சொல் கெடும். சீர்திருத்தத் திருச்சபைகளில் மேலை மெட்டுப் பாமாலைக்குப் பக்கத்திலேயே, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் தமிழிலேயே பிறந்த கீர்த்தனைகளை வளர்த்ததற்கு இந்த இடறலும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

கருவிகளில் ஆர்மோனியம் நீண்ட காலம் ஆண்டது. பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் 1842இல் காப்புரிமை பெற்ற கருவி அது. இப்போது கீபோர்டும் ரிதம் பேடும் வந்துவிட்டன. அவற்றில் பதிந்து கிடக்கும் தாளத்தை ஓட்டிவிட்டுப் பாடுவது குழுக்களுக்குப் பெருங்கேடு. பாடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்பது நின்று, பெட்டியைக் கேட்கத் தொடங்குகிறார்கள். ஒலிபெருக்கி அதைவிட மோசம்: நான்கு மைக் முன்னால் நால்வர் பாட, சபை வாய்மூடிக்கொள்கிறது. மக்களைப் பாடவைப்பதே குழுவின் முதல் கடமை. 1963ஆம் ஆண்டு ஏடும் பாடகர் குழுக்களை வளர்க்கச் சொல்லும் அதே மூச்சில் மக்களின் பங்கேற்பையும் வலியுறுத்துகிறது.

கருவியில்லா மூன்று நாட்கள்

பெரிய வியாழன் மாலை வானவர் கீதம் (குளோரியா) முடிந்ததும், உயிர்ப்புத் திருவிழிப்பில் மீண்டும் அது எழும்வரை, கருவிகளைப் பாட்டைத் தாங்குவதற்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்பது வழிபாட்டு விதி. பல பங்குகளில் அவற்றை முழுவதுமாக மூடிவைத்துவிடுவார்கள். குழுவின் உண்மையான தரம் அப்போதுதான் தெரியும். பெரிய வெள்ளியன்று பாடுகளின் வரலாற்றைப் பாடுகிறவர்கள் ஒரு பிடி சுருதியை மட்டும் நம்பி நிற்கவேண்டும். பல பாடகர்கள் ஆண்டு முழுவதும் பாடிக் கற்றதைவிட அந்த மூன்று நாளில் கற்றதே அதிகம். ஆண்டு முழுவதும் மாதத்தில் ஒரு ஞாயிறாவது இப்படிப் பாடினால் நகரத்தின் குழுக்கள் வேறு உயரத்துக்குப் போகும்.

அமெரிக்க உறவு ஒன்று

கருவியே இல்லாமல் நான்கு குரலில் பாடும் அமெரிக்கப் பொழுதுபோக்குக் கலை பார்பர்ஷாப். முடிதிருத்தும் கடைகளில் காத்திருந்த கறுப்பின இளைஞர்களின் பாட்டு அதன் முக்கிய வேர்களில் ஒன்று. 1938இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் ஓ.சி. காஷ், ரூபர்ட் ஹால் இருவரும் அதற்குச் சங்கம் கண்டார்கள். 1945இல் பெண்கள் ‘ஸ்வீட் அடலைன்ஸ்’ என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். அதில் மெட்டை எடுத்துச் செல்லும் குரல் ‘லீட்’. அதற்கு மேலே டெனர், அடியில் பேஸ், இடைவெளியை நிரப்புவது பாரிட்டோன். நால்வரும் சுருதியில் துல்லியமாகச் சேர்ந்தால், யாரும் பாடாத ஒரு மேல்ஓசை தானே கிளம்பும். தம்புராவை நன்றாகச் சேர்த்து மீட்டினால் கேட்கும் சுயம்பு காந்தாரத்துக்கும் அதற்கும் இயற்பியல் ஒன்றுதான்.

அனுமதி என்ற கேள்வி அங்கேயும் இருந்தது. கறுப்பினத்தாரின் கலையை வளர்க்கவென்று கூடிய சங்கம் 1963வரை கறுப்பினத்தாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெண்களுக்கு 2018இல்தான் முழு உறுப்புரிமை தந்தது. புதுச்சேரியில் பார்பர்ஷாப் ஒரு மரபாக வேர்விடவில்லை. ஆனாலும் பெரிய வெள்ளிப் பாடகர்களுக்கு அதன் பயிற்சி முறை, குறிப்பாகக் கருவியை விட்டுவிட்டுப் பக்கத்துக் குரலைக் கேட்டுச் சுருதி சரிசெய்யும் பழக்கம், நேரடியாகப் பயன்படும்.

பார்பர்ஷாப் வேர்விடாவிட்டாலும், நகரத்துக்கு வடக்கே 1968இல் தொடங்கிய ஆரோவில்லின் மதச்சார்பற்ற பாடகர் குழுவும், பிரெஞ்சு வழக்கமாக வந்த ஜூன் 21 இசைத் திருவிழாவும் கோயிலுக்கு வெளியே கூட்டிசைக்கு மேடை தருகின்றன.

சேர்க்கை

விண்ணப்பமோ கட்டணமோ கிடையாது. விரும்புகிறவர் பயிற்சி நாளில் வந்து பின்வரிசையில் நிற்கலாம். மாஸ்டர் ஷட்ஜம் கொடுத்துக் குரலைப் பார்ப்பார். எந்தப் பக்கம் நிற்பது என்று சொல்வார். குரல் உடையும் வயதுப் பையன்களைப் பல குழுக்கள் அந்த நேரத்தில் இழந்துவிடுகின்றன. அவர்களைத் தபேலாவிலோ நூல் பார்த்துப் பக்கம் சொல்லும் வேலையிலோ ஓரிரண்டு ஆண்டு தக்கவைத்தால் டெனராகவோ பேஸாகவோ திரும்புவார்கள். படிப்புக்கும் வேலைக்கும் சென்னை, பெங்களூரு, பிரான்ஸ் என்று இளைஞர்கள் போய்விடுவதால் ஆண் குரல்தான் எப்போதும் பற்றாக்குறை. விடுமுறையில் ஊருக்கு வருகிறவர்கள் டிசம்பரில் மட்டும் பழைய இடத்தில் வந்து நிற்பார்கள். அவர்களுக்கும் சனிக்கிழமைப் பயிற்சி கட்டாயம்.