பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் நத்தார் விருந்து

மலையகத்து நத்தாரைப் பற்றி எழுதிவைத்தவர்களில் பெரும்பாலோர் பங்களாவின் சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்துதான் எழுதினார்கள். வான்கோழி, புடிங், விஸ்கி, கணப்பில் எரியும் சவுக்கு விறகு என்று அந்த விவரங்கள் நிறையவே உண்டு. அதே மலையின் கீழ்ச்சரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், கேள்வி வேறு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, விறகடுப்பு ஒன்று; இருபத்துநாலாம் தேதி வந்து இருபத்தெட்டாம் தேதி புறப்படும் உறவுக்கு வேளாவேளைக்கு எதைப் போடுவது? பங்களாவிலும் லயத்திலும் இதற்கு விடையைத் தீர்மானித்தது சமைப்பவரின் கைப்பக்குவம் மட்டுமல்ல. ஸ்டோரில் என்ன இருக்கிறது, ரயிலில் என்ன வந்து இறங்குகிறது என்பதும் அதே அளவுக்குத் தீர்மானித்தது.

முதலில் பங்களா. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் தோட்டத் துரைமார் ஒருவரையொருவர் பார்ப்பதே அபூர்வம். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே குதிரைப் பாதை, நடுவில் ஆறு, டிசம்பரில் அடைமழை. இவ்வளவு பாடுபட்டு வந்து சேர்ந்தவர் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத் திரும்பமாட்டார். மூன்று நான்கு நாள் தங்கித்தான் போவார். மலைநாட்டு நத்தார் விருந்து ஒரு நாள் சமாசாரமாக இல்லாமல் பல நாள் சமாசாரமாக ஆனதற்குப் பாதைகளே காரணம். டிக்கோயாவின் வார்லி தேவாலயம் 1878 இல் கட்டப்பட்டது. பொகவந்தலாவையின் புனித மரியாள் தேவாலயத்து முற்றத்தில்தான், 1879 இல் இறந்த புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இந்தச் சிறிய கல் கோயில்கள் சுற்றுவட்டாரத் தோட்டங்களை நத்தார் காலையில் ஓரிடத்தில் கூட்டின. ஆராதனை முடிந்ததும் கூட்டம் ஏதாவது ஒரு பங்களாவை நோக்கி நகரும்.

அங்கே எல்லாச் சுமையும் பங்களாச் சமையற்காரரான அப்புவின் தலையில். குசினி பெரும்பாலும் பங்களாவுக்குப் பின்னால் தனிக்கட்டடம். புகை அங்கேயே நின்றுவிடும், கணக்கும் அங்கேதான் நடக்கும். இறைச்சி, பாண், தபால் மூன்றையும் டவுனிலிருந்து தோட்டத்துக்குச் சுமந்துவர ஓர் ஆள் இருந்தார். அவர் மலையேறி வந்தால்தான் அன்றைய சமையல் உறுதி. வழுக்குப் பாதையில் அவர் பிந்தினால் டின்னைத் திறக்கவேண்டியதுதான். இப்படிப்பட்ட நிலையில் அப்புமார் கைக்கொண்ட முறையை இன்றைய இல்லத்தரசிகள் யாரும் குறைசொல்ல முடியாது: முதல் நாள் பெரிய இறைச்சித் துண்டை வாட்டுவது, மறுநாள் அதைக் குளிராகவே அரிந்து வைப்பது, மூன்றாம் நாள் எஞ்சியதைக் கறியாக்கிச் சோற்றோடு போடுவது, எலும்பை மிளகுதண்ணி சூப்பாக்குவது, கடைசித் துணுக்குகளைக் கட்லட்டாக உருட்டுவது. துரைசானி எழுதித்தந்த ஆங்கிலப் பட்டியல் முதல் நாளோடு தீர்ந்துபோகும். மற்ற நாள்களைக் காப்பாற்றியது கறிச்சட்டிதான்.

காய்கறிக்குக் குறைவில்லை. 1848 இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் விதைகளையும் கொண்டுவந்து பண்ணை வைத்தார். அவர் இருந்தது சில வருடங்கள்தான். ஆனால் ஆறாயிரம் அடிக்கு மேலே உருளைக்கிழங்கும் கோவாவும் விளையும் என்பது அதற்குள் நிலைபெற்றுவிட்டது. அதன்பின் ரயில் வந்தது: 1884 இல் ஹட்டனுக்கு, 1885 இல் நானுஓயாவுக்கு. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய ஹாம், சீஸ், உலர்பழம் எல்லாம் மாட்டுவண்டியில் ஊர்ந்து வரவேண்டிய காலம் முடிந்தது. அதே ரயிலில் விருந்தாளிகளும் அதிகமாக வந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். சமவெளி வெயிலில் வெந்தவர்களுக்கு டிசம்பரில் நுவரெலியா ஒரு குட்டி இங்கிலாந்து. 1876 இல் தொடங்கிய ஹில் கிளப் அவர்களில் சிலரை ஏற்றது, மற்றவர்கள் தெரிந்தவர் பங்களாக்களில் இறங்கினார்கள்.

பல நாள் விருந்துக்கு இலங்கை கண்ட மிகச் சிறந்த வழி எதுவென்றால், அது நத்தார் கேக்தான். இங்கிலாந்துக் கேக்குக்கு மாவு. இலங்கைக் கேக்குக்கு ரவை. அதோடு பொடியாக நறுக்கிய கஜு, உலர்பழம், இஞ்சிப் பாகு, சௌசௌப் பாகு, நீற்றுப்பூசணியில் செய்த புகுல் தோசி, தேன், பன்னீர், ஏலம், கராம்பு, பிராந்தி, கணக்கில்லாத முட்டை மஞ்சள்கரு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் மூவரும் வந்துபோன தீவில் மூவரின் கையும் இதில் படிந்திருக்கிறது. ஹில்டா டியூட்ரோம் தொகுத்து 1929 இல் வெளிவந்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் புத்தகம் இத்தகைய பக்குவங்களை அச்சில் நிலைநிறுத்தியது. முக்கியமான விஷயம், இது வாரக்கணக்கில் கெடாது. டிசம்பர் முதல் வாரத்திலேயே செய்து, துண்டு போட்டு, எண்ணெய்த்தாளில் சுற்றி வைத்துவிட்டால், எந்த நேரத்தில் யார் வாசலில் வந்து நின்றாலும் ஒரு தட்டும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் போதும்.

இனி லயம். அங்கே நத்தார் எப்படி வந்தது என்பதற்கு 1854 க்குப் போகவேண்டும். தோட்டத்துரைமார் சங்கம் கண்டியில் உருவான அதே வருடம், தமிழ்த் தொழிலாளர்களுக்கென ஒரு மிஷனும் தொடங்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரிலேயே ‘கூலி’ என்ற சொல் இருந்தது. திருநெல்வேலியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த உபதேசியார்கள் விடியற்காலையில் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று பேசினார்கள், தோட்டங்களில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். கத்தோலிக்கத் தரப்பில் 1880களில் கண்டி மறைமாவட்டம் சில்வெஸ்திரியன் துறவிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக வந்தவர்களும் இருந்தார்கள்.

கோப்பிக் காலத்துத் தொழிலாளி பழம் பறித்து முடித்ததும் ஊர் திரும்பினார். நோய் கோப்பியை அழித்து, 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை மலைமுழுக்கப் பரவியபோது நிலைமை மாறியது. கொழுந்து வருடம் முழுக்க வரும், ஆகவே ஆளும் வருடம் முழுக்க வேண்டும். குடும்பங்கள் நிலைத்தன. அக்காளை ஒரு தோட்டத்திலும் தங்கச்சியை மற்றொரு தோட்டத்திலும் கட்டிக்கொடுத்தார்கள். விருந்தாளி என்ற ஒருவர் உண்டாவதற்கே இந்த நிலைப்பு தேவைப்பட்டது.

அவருக்குப் போடச் சோறு எங்கிருந்து வந்தது? தோட்டத்து ஸ்டோரிலிருந்து. அரிசி முன்கூட்டியே அளந்து கொடுக்கப்பட்டு, சம்பளத்தில் கழிக்கப்பட்டது. ஆகவே நாலு நாள் தங்கும் மாமா சாப்பிட்ட சோறு, மாமா போனபிறகும் துரையின் கணக்குப் புத்தகத்தில் கடனாக நின்றது. தேங்காய் இந்த உயரத்தில் காய்க்காது, கீழ்நாட்டிலிருந்து வரவேண்டும், விலை கொடுக்கவேண்டும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் முதற்பால், இரண்டாம்பால் என்று தாராளமாகப் பிழியப்படுவது இங்கே பண்டிகைக்கென்று ஒதுக்கிவைத்த சரக்கு.

லயத்து விருந்து ஒரு வீட்டு விருந்தாக நடந்திருக்கவே முடியாது. ஒரு லயத்தில் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றோ இரண்டோதான். அடுத்த காம்பராக்கள் எல்லாம் சைவக் குடும்பங்கள், மாரியம்மனுக்குக் கரகம் எடுப்பவர்கள். நத்தாருக்கு அவர்கள் வீட்டுப் பெரிய சட்டி இங்கே வரும், பாய் வரும், பிள்ளைகள் சிலர் அங்கே போய்ப் படுப்பார்கள். தீபாவளிக்கு எல்லாம் மறுதிசையில் நகரும். மாட்டிறைச்சி தொடாத அக்கம்பக்கத்தாரும் பந்தியில் உட்காரவேண்டும் என்பதால் கோழியோ ஆடோ சமைப்பது வழக்கமானது. பல வீடுகள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கிக் கூறுபோட்டால் ஆளுக்கு ஆகும் செலவும் தாங்கும். சிறுபான்மையாக இருப்பவர் விருந்து வைக்கும்போது உண்டாகும் இந்த நாகரிகம் எந்தச் சமையல் புத்தகத்திலும் ஏறவில்லை.

பலகாரம் மட்டும் முன்கூட்டியே. முறுக்கும் அதிரசமும் தீபாவளிக்குச் சுட்ட அதே கைகள் நத்தாருக்கும் சுட்டன, டின்னில் போட்டு மூடின. கேக் பின்னால் வந்தது. லயத்தில் போறணை கிடையாது. வீட்டில் கலவையை அடித்து, தட்டில் ஊற்றி, தலையில் வைத்து டவுன் பேக்கரிக்குக் கொண்டுபோய், பாண் வெந்து முடிந்த சூட்டில் வேகவைத்து, அதற்குக் கூலி கொடுத்து வாங்கிவருவார்கள்.

1942 இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். இலங்கை தின்ற அரிசியில் பெரும்பகுதி பர்மா அரிசி. பங்கீட்டில் அரிசி சுருங்கியது, அந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. தோட்டத்துச் சமையலை இவ்வளவு ஆழமாக மாற்றிய வேறொரு நிகழ்ச்சி இல்லை. சோறு தின்றே வளர்ந்த சனம் வேண்டாவெறுப்பாகத்தான் மாவைத் தொட்டிருக்கும். ஆனால் யுத்தம் முடிந்தபிறகும் ரொட்டி போகவில்லை. காரணம் எளியது: அது அந்த வாழ்க்கைக்குப் பொருந்தியது.

ஒரு தோட்டத்து ரொட்டியைப் பாருங்கள். மா, உப்பு, தண்ணீர். வசதியிருந்தால் ஒரு பிடி தேங்காய்ப்பூ. பிசைந்து, கையாலேயே தட்டி, இரும்புத் தட்டில் போட்டு எடுக்க வேண்டியது. சோறு வடிக்கப் பெரிய பானை வேண்டும், பானை கொதிக்க விறகு வேண்டும், ஆறினால் சுவை போய்விடும். ரொட்டிக்கு ஒரு தட்டும் கவாத்தில் வெட்டிய தேயிலை மிலாறு கொஞ்சமும் போதும். விடிவதற்குள் பத்துப் பதினைந்து சுட்டு அடுக்கிவிடலாம். எழுந்தவர் எழுந்தபோது எடுத்துக்கொள்ளலாம், ஆறினாலும் தணலில் காட்டினால் சரி. பக்கத்துணைக்குக் கட்டச் சம்பல்: செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, புளிக்கு ஒரு தேசிக்காய், அம்மியில் ஒரு இழுப்பு. தேங்காயே தேவையில்லை. மத்தியானத்துக்கு மைசூர்ப் பருப்பை வேகவைத்தால் அதே ரொட்டி வேறு சாப்பாடாகிவிடும். நெத்தலிக் கருவாட்டை வறுத்தால் இரவுக்கு மூன்றாவது சாப்பாடு. நத்தார் அன்று மட்டும் சோறும் ஆட்டுக்கறியும். அதற்கு முன்னும் பின்னும் வந்த நாள்களை ரொட்டி சுமந்தது. பங்களா அப்பு கறிச்சட்டியை நம்பியதுபோல லயத்துப் பெண்கள் ரொட்டித்தட்டை நம்பினார்கள். இருவரில் யாருக்குத் திறமை அதிகம் என்று கேட்டால், பகல் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டியவருக்கே ஓட்டு விழவேண்டும்.

அந்த மாவும் ஒருமுறை கைவிட்டது. 1973, 74 இல் அரிசி, மா, சீனி எல்லாவற்றின் பங்கீடும் வெட்டப்பட்டது, அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகக் கட்டுப்பாடு. சொந்த நிலம் உள்ளவன் மரவள்ளி நட்டுத் தப்பினான். தோட்டத் தொழிலாளிக்கு நடுவதற்கு என்ன இருந்தது? பட்டினிச் சாவுகள் நடந்தன. அந்த வருடங்களில் நத்தார் விருந்து என்று ஒன்று இருந்திருந்தால், அது அவித்த கிழங்கும் வெறும் சாயத் தேத்தண்ணியும்தான்.

விருந்தாளிகளும் குறைந்துகொண்டே போனார்கள். 1948 இல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்தார்கள். சென்ற நத்தாருக்கு வந்து தங்கிய சின்னம்மா குடும்பம் அடுத்த நத்தாருக்குள் நீலகிரியில் இருக்கும். எழுபதுகளின் விருந்துகள் பல, பெயரளவில் பண்டிகை, உள்ளபடி வழியனுப்பு.

இன்று வருகிற உறவு வேறு திசையிலிருந்து வருகிறது. கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலைசெய்யும் பிள்ளைகள் இருபத்துநாலாம் தேதி இரவு பஸ்ஸிலும் ரயிலிலும் நின்றபடியே ஹட்டனுக்கு ஏறுகிறார்கள். ஐஸிங் போட்ட கேக்கை அவர்கள் கையோடு கொண்டுவருகிறார்கள். “இருந்துட்டுப் போங்க மச்சான், முப்பத்தொண்ணு வரைக்கும் என்ன அவசரம்” என்ற உபசாரம் மட்டும் மாறவில்லை. பகல் சாப்பாட்டுக்கு ஃப்ரைட் ரைஸ் நுழைந்திருக்கிறது. அதற்கு வேண்டிய கரட், லீக்ஸ், போஞ்சி எல்லாம் வாசலிலேயே விளைவதால் லயத்துக்கு இதைவிட மலிவான விருந்துச் சோறு கிடையாது.

செலவுக்கு வழி, தோட்டம் கொடுக்கும் பண்டிகை முற்பணம். சைவர்களுக்குத் தீபாவளிக்கும் கிறிஸ்தவர்களுக்கு நத்தாருக்கும் கிடைக்கும் இது, பின்பு சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கப்படும். நாட்சம்பளம் 1,000 ரூபாயாவதற்கே 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த வருடமே பொருளாதார நெருக்கடி வந்து மாவின் விலை எட்டாத இடத்துக்குப் போனது. கேஸ் இல்லாமல் கொழும்பு தவித்த அந்த 2022 இல், கவாத்து விறகு அடுக்கிவைத்திருந்த லயத்து வீடுகளில் அடுப்பு எரிவதில் சிக்கல் இருக்கவில்லை. தட்டில் போடும் மாவை எத்தனை ரொட்டிக்கு இழுப்பது என்பதே கணக்காக இருந்தது.