நத்தாரும் வானொலியும்: மன்னார் வீதியோரத்து ஐயத்தின் வரலாறு

வவுனியாவிலிருந்து மன்னாரை நோக்கி மேற்கே செல்லும் நெடுவீதியில், காடும் வயலும் மாறிமாறி வரும் அந்தச் சமநிலத்தில் அமைந்த பூவரசங்குளம், தன் பெயரிலேயே குளத்தையும் அதன் கரைமரத்தையும் தாங்கி நிற்கும் வன்னிக் கிராமங்களுள் ஒன்று. மார்கழி மாதத்தில், வாடைக்காற்றோடு வந்த மாரி ஓயாமல் பெய்து, குளங்கள் நிரம்பி வான் பாய, காலபோக நெல் பச்சைப்பசேலென்று நிற்க, விடியுமுன்னரே கோயில்களில் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கும் காலத்தில், இவ்வீதியோரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் நத்தார் வருகிறது. அதே வீடுகளிலும், அயலிலுள்ள சைவ வீடுகளிலும், பல ஆண்டுகளாக நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த வேறொரு விருந்தாளி வானொலிச் செய்தி. பண்டிகை, செய்தி ஆகிய இவ்விரண்டும் வெளியிலிருந்து அதிகாரத்தின் கைபிடித்து வந்தவை. இரண்டையும் இந்தப் பிரதேசத்து ஜனங்கள் ஆசையோடு வரவேற்றார்கள், ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. அந்த ஐயத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அரசர்களின் சரித்திரத்தைப்போல் அது எழுதிவைக்கப்படாமற் போனதே எனக்குள்ள குறை.

பூவரசங்குளத்தைக் கடந்து மேற்கே சென்றால் மடுவுக்குத் திரும்பும் வழி வருகிறது. ஆடி மாதத்திலும் ஆவணி மாதத்திலும் திருவிழாவுக்குச் செல்லும் யாத்திரிகர்கள், மாட்டு வண்டியிலும் பின்னர் மோட்டார் வாகனங்களிலும், இவ்வீதியிலேயே போனார்கள். அவர்களுள் சைவர்களும் சிங்கள பௌத்தர்களும் இருந்தனர், பாம்புக்கடிக்கு மருந்தென்று மடு மண்ணை எடுத்துச்சென்று வீட்டில் வைத்திருந்தவர்களுள் ஞானஸ்நானம் பெறாதவர்களும் அநேகர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருவானவர் ஒருவருக்கு அடைக்கலம் அளிப்பதையே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியபோது, மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்களே மடுத் தலத்துக்கு வித்திட்டவர்கள். 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த யோசேப் வாஸ் அடிகள் அந்தக் கத்தோலிக்கரை இரகசியமாகத் திரட்டி வழிநடத்தினார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் பூசைக்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்து, சுமார் முந்நூறு பேரைக் கைதுசெய்தனர் என்றும், அடிகளோ தப்பினார் என்றும் கத்தோலிக்க வரலாறுகள் கூறுகின்றன. ஆகவே வட இலங்கையில் நத்தார் என்பது நெடுங்காலம், காவலாளியின் காலடியோசைக்குச் செவிகொடுத்தபடியே கொண்டாடப்பட்ட பண்டிகை. அதை எளிதில் ஏளனம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

ஆயினும், பண்டிகையைச் சூழ்ந்து வளர்ந்த சம்பிரதாயங்கள் எல்லாம் பண்டிகையின் வயதுடையன அல்ல என்பதையும் சொல்லாதிருக்க முடியாது. யேசுநாதர் பிறந்த தேதியை நற்செய்தி நூல்கள் குறிப்பிடவில்லை; டிசம்பர் 25 என்னும் நாள், உரோமாபுரியில் 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட நாட்காட்டியொன்றிலேதான் நமக்குத் தெளிவாகக் கிடைக்கிறது. பாலன் குடில் அமைக்கும் வழக்கம் 1223இல் கிரேச்சியோ என்னும் இத்தாலியக் கிராமத்தில் அசிசி பிரான்சிஸ் அமைத்த காட்சியோடு தொடர்புபடுத்தப்படுகிறது. அலங்கரித்த மரமோ ஜெர்மானிய வீடுகளின் வழக்கம். விக்டோரியா மகாராணியின் குடும்பம் அத்தகைய மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் 1848இல் இலண்டன் பத்திரிகையொன்றில் வெளிவந்த பிறகே அது ஆங்கிலேயரின் நடுத்தர வீடுகளில் பரவலாயிற்று. செந்நிற அங்கி தரித்த நத்தார் தாத்தாவின் உருவம் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சித்திரக்காரர்களின் கைவண்ணம். இருபதாம் நூற்றாண்டில் குளிர்பான விளம்பரம் அதை உலகெங்கும் சுமந்து சென்றது. இந்த உருவங்களெல்லாம் கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, ரயிலேறி வடக்கே வந்து, சவுக்கு மரக் கிளையொன்றை மண் நிரப்பிய வாளியில் நட்டு, அதன்மேல் பஞ்சைப் பிய்த்துப் பனியென்று தூவும் ஒரு காட்சியாக முடிந்தன. வெளியே மாரி வெள்ளம் வீதியை அறுத்துக்கொண்டு ஓட, கூரைக் கிடுகின் நுனியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, பனியைக் கண்டறியாத குழந்தைகள் அந்தப் பஞ்சைத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்த மகிழ்ச்சி உண்மையான மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் பஞ்சு கிறிஸ்து மதத்தின் ஓர் அங்கம் என்று எவரேனும் சொன்னால், அது உண்மையன்று.

இதைவிட விசேஷமான ஒரு சங்கதி உண்டு. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டு, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவி, வடபகுதித் தமிழரின் கல்விக்கு அஸ்திவாரம் இட்ட அமெரிக்க மிஷனரிமார், நியூ இங்கிலாந்துப் பியூரிட்டன் மரபில் வந்தவர்கள். அந்த மரபின் முன்னோர், வேதாகமத்தில் ஆதாரமில்லாத பண்டிகை என்று காரணங்காட்டி, 1659இல் மாசச்சூசெற்ஸ் குடியேற்றத்தில் நத்தாரைத் தடைசெய்து, கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தவர்கள். அச்சட்டம் 1681 வரை நீடித்தது. இங்கிலாந்தின் பாராளுமன்றமும் 1647இல் அப்பண்டிகையை விலக்கியிருந்தது. நத்தார்ச் சம்பிரதாயங்களைச் சந்தேகிப்போரைக் கிறிஸ்தவ விரோதிகள் என்று இன்று எவரேனும் வைதால், அந்த வசை முதலில் பக்திமிக்க கிறிஸ்தவர்கள்மீதே சென்று விழும். ஆறுமுக நாவலர் 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதி மிஷனரிமாரை எதிர்த்தபோது கையாண்ட முறையும் இதற்குத் தூரமானதன்று: எதிராளியின் வேதத்தையே கையிலெடுத்து, உங்கள் ஆசாரத்துக்கு ஒரு நியாயமும் எங்கள் ஆசாரத்துக்கு வேறொரு நியாயமுமா என்று கேட்டார். அந்தக் கேள்வி அன்று மதத்தின் வாசலில் எழுந்தது; பின்னாளில் வானொலிப் பெட்டியின் முன்னும் எழ வேண்டியிருந்தது.

வானொலிக்கும் நத்தாருக்குமுள்ள உறவு தற்செயலானதன்று. 1932 டிசம்பர் 19இல் பி.பி.சி. தன் ஏகாதிபத்திய சேவையை ஆரம்பித்தது. ஆறு நாட்கள் கழித்து, நத்தார் தினத்தன்று, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் வானொலிமூலம் தம் பிரஜைகளுக்கு முதலாவது நத்தார் உரையை நிகழ்த்தினார். அந்த உரையை எழுதிக்கொடுத்தவர் ரட்யாட் கிப்ளிங். பேசத் தயங்கிய மன்னரை இணங்கச் செய்தவர் பி.பி.சி.யின் தலைவர் ஜோன் ரீத். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் நத்தாருக்கு முன்னாள் நடைபெறும் ஒன்பது வாசகங்களின் ஆராதனையும் 1918இல்தான் அங்கு தொடங்கியது, 1928இல் வானலையில் ஏறியது. கேட்டோரில் அதை நெடும்பழமையான வழக்கமென்று எண்ணியவர் பலர். ஒரு ஸ்தாபனம் தன் குரலால் ஒரு வழக்கத்தைப் புதிதாக உண்டாக்கி, சில ஆண்டுகளுக்குள் அதைப் புராதனம்போல் தோன்றச் செய்யும் வல்லமை எத்தகையதென்பதை இவ்விரு உதாரணங்களும் காட்டுகின்றன. அவ்வல்லமை அரசியலிலும் செல்லும். 1926ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தின்போது, சமாதானம் வேண்டிக் கன்ரபெரிப் பேராயர் விடுத்த வேண்டுகோளை உடனே ஒலிபரப்ப அந்த நிலையம் இடமளிக்கவில்லை. தொழிற்கட்சித் தலைவர் பேசவும் அனுமதி கிடைக்கவில்லை. நடுநிலையின் முன்மாதிரி என்று உலகம் போற்றும் நிலையத்தின் இளமைக் கதை இது.

கொழும்பில் 1925 டிசம்பர் 16இலேயே வானொலி ஆரம்பமாகிவிட்டது. பின்னர் இலங்கை வானொலியென்றும், 1967 ஜனவரி முதல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமென்றும் பெயர் பெற்ற அந்த நிலையத்தின் தமிழ் வர்த்தக சேவை, பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் பெற்ற அன்பு அளவிறந்தது. மயில்வாகனனின் குரலையும், கே. எஸ். ராஜாவின் குரலையும், அப்துல் ஹமீதின் குரலையும் இராமநாதபுரத்துக் கிராமத்தாரும் தம் வீட்டாரின் குரலாகவே கொண்டாடினார்கள். ஆனால் கூட்டுத்தாபனத்தின் பணிப்பாளர் சபையை நியமிப்பவர் அமைச்சர். ஆட்சி மாறினால் செய்தியின் தொனியும் மாறும். 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறையை நீக்கிப் போயா தினங்களை வாராந்த ஓய்வு நாட்களாக அரசாங்கம் ஆக்கியிருந்த காலத்தில், பூசைக்கும் வேலைக்கும் இடையே அகப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு, நாட்காட்டியையும் வானலையையும் ஒரே கைதான் எழுதுகிறது என்பது பிரத்தியட்சமாயிற்று. வன்னி ஜனங்கள் வானொலியை இரண்டாகப் பகுத்துக் கேட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்: பாட்டையும் மரண அறிவித்தலையும் முழுமனத்தோடு நம்பினார்கள், செய்தி அறிக்கையை நிறுத்துப் பார்த்தே எடுத்தார்கள். மரண அறிவித்தலில் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று வாசித்தால், அதைச் சரிபார்க்க உறவினர் இருந்தனர். பொய் சொல்ல இடமில்லை. போர்முனைச் செய்தியைச் சரிபார்க்க யார் இருந்தார்கள்?

அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான யுத்த காலத்தில் இந்த நிறுக்கும் வழக்கம் ஒரு கலையாகவே முதிர்ந்தது. வன்னியின் பெரும்பகுதிக்குப் பற்றறி கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டிருந்தது, மின்சாரமோ இல்லை. ஆகவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லோடு டைனமோவை உராயவிட்டு, அதிலிருந்து இரு கம்பிகளை வானொலிப் பெட்டிக்கு இழுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் போத்தல் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். சுற்றுபவரின் கை தளர்ந்தால் செய்தியாளரின் குரலும் தளரும். முக்கியமான வசனம் வரும்போது, சுற்று, சுற்று என்று எல்லாரும் கத்துவார்கள். அப்படிப் பெற்ற ஒவ்வொரு வசனத்துக்கும் உடலுழைப்பு செலவாயிற்று என்பதால், அதை வீணாக நம்பிவிட எவருக்கும் மனமில்லை. கொழும்புச் செய்தியைக் கேட்டார்கள். 1990 முதல் ஒலித்த விடுதலைப் புலிகளின் நிலையமான புலிகளின் குரலைக் கேட்டார்கள். 1941 முதல் இலண்டனிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசையைக் கேட்டார்கள். மணிலாவிலிருந்து கத்தோலிக்க ஆயர்களின் ஆதரவோடு ஒலித்த வெரித்தாஸ் வானொலியைச் சைவக் குடும்பங்களும் தவறாமல் கேட்டன. ஒன்று கூட்டிச் சொன்னதை மற்றொன்று குறைத்துச் சொல்லும். இரண்டுக்கும் இடையே உள்ளதைத் தாமே கணக்கிட்டுக்கொண்டு, படுக்கைப் பாயை எங்கே விரிப்பது, மூட்டையைக் கட்டுவதா வேண்டாமா என்று தீர்மானித்தார்கள். அரசாங்க வானொலியைப் பக்கச்சார்புடையதென்று கண்டிக்கும் நாம், புலிகளின் குரலும் தன் தரப்பின் தோல்வியையும் தவறையும் சொல்லாத நிலையமே என்பதை மறைக்கக்கூடாது. 2007 நவம்பர் 27இல் கிளிநொச்சியில் விமானத் தாக்குதலால் அந்நிலையம் தகர்க்கப்பட்டு ஊழியர்கள் மாண்டது, அந்தக் குறைக்குப் பரிகாரமன்று. அது வேறொரு கொடுமை.

1999 நவம்பர் 20ஆம் தேதியை இவ்வீதியோரத்தார் மறக்க முடியாது. அடைக்கலம் தேடி மடுத் தேவாலயத்தில் தங்கியிருந்த அகதிகளின்மீது ஷெல் விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குழந்தைகளும் அதில் அடங்குவர். இரு தரப்பும் மறுதரப்பையே குற்றஞ்சாட்டின. எந்த நிலையத்தைத் திருப்பினாலும் குற்றவாளி நிச்சயமாகவே இருந்தான், ஆனால் நிலையத்துக்கு நிலையம் அவன் வேறாள். ஒல்லாந்தருக்குத் தப்பி வந்தவர்கள் உண்டாக்கிய தலத்தில், செத்தவர்களுக்குக் கிடைக்கவேண்டிய குறைந்தபட்ச நீதியான உண்மைகூட வானலையில் கிடைக்கவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு ஆறாத் துயரம் உண்டாகிறது.

பண்டிகையையும் செய்தியையும் ஒருசேரச் சோதித்த காலமும் வந்தது. 2000 டிசம்பர் 24 முதல் விடுதலைப் புலிகள் ஒருதலைப்பட்சமாகப் போர்நிறுத்தம் அறிவித்து, மாதாமாதம் நீட்டி 2001 ஏப்ரல் 24 வரை கடைப்பிடித்தபோது, அரசாங்கம் அதை ஏற்கவில்லை. மறுவருடம் அதே நத்தார் முன்னாளில் மீண்டும் போர்நிறுத்தம் தொடங்கியது. புதிதாகப் பதவியேற்றிருந்த அரசாங்கம் இம்முறை தானும் நிறுத்தியது. 2002 பெப்ரவரி 22இல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1997இல் படையினர் வசமானது முதல் இரு ஆட்சிகளின் எல்லைபோல் ஆகிவிட்டிருந்த மன்னார் வீதியில் வாழ்ந்தவர்கள், சமாதானத்தை வானொலியில் கேட்டமாத்திரத்தில் நம்பவில்லை. இரவில் வெடியோசை ஓய்ந்ததைத் தம் செவியாலேயே கேட்டபின்பே நம்பினார்கள். 2001ஆம் ஆண்டு நத்தாரை நம்பத்தக்கதாக்கியது எந்த அலங்கார மரமும் அன்று.

ஐயம் கொண்டவர் வாயடைத்து இருக்கவேண்டியதில்லை என்பதை இந்நாட்டு உயர் நீதிமன்றமே ஒருமுறை நிலைநாட்டியிருக்கிறது. 1995இல் முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்றைக் கூட்டுத்தாபனம் திடீரென நிறுத்தியபோது, அந்நிகழ்ச்சியில் பங்குகொண்டுவந்த நேயர் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். 1996இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ அளித்த தீர்ப்பு, நேயரின் பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டதென்று கூறியது. அடுத்த ஆண்டே, ஒலிபரப்பு அதிகார சபை மசோதாவை ஆராய்ந்த அதே நீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து, அவற்றை ஆள்வோர் அரசாங்கத்தின் பிடியிலிருந்து சுதந்திரமாக இருக்கவேண்டும் என்னும் கருத்தில் அம்மசோதா அரசியலமைப்புக்கு முரண் என்றது. இத்தீர்ப்புகளைப் பாடநூலில் சேர்த்துப் பூவரசங்குளத்துப் பள்ளிப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். நாவலரைக் கற்பிக்கும் அதே வகுப்பில் கற்பிக்கலாம்.

தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் ஓய்ந்தது; வெரித்தாஸ் சிற்றலை 2018இல் ஓய்ந்தது. அவற்றைக் கேட்டுக் கணக்கிட்டு உயிர்பிழைத்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. எந்த நாளில் எந்த நிலையம் என்ன சொன்னது, அதை இவர்கள் எப்படித் திருத்திப் புரிந்துகொண்டார்கள் என்பதை, வீடுவீடாகச் சென்று ஒலிப்பதிவு செய்யும் வேலையை வவுனியாப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் இப்போதே மேற்கொள்ள வேண்டும். அக்காலத்துத் தமிழ்ச் செய்தி அறிக்கைகளின் பிரதிகளுள் எஞ்சியிருப்பவற்றைக் கூட்டுத்தாபனம் ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிட வேண்டும். பதிவை மடுவிலிருந்து தொடங்கலாம். 1999 நவம்பரில் அங்கே இருந்தவர்களுள் உயிரோடிருப்போர் இன்னும் இவ்வீதியில் வசிக்கிறார்கள்.