மூன்று மொழியும் ஒரு வினைச்சொல்லும்



செங் வட்டாரத்துத் தமிழ் மாணவர் நாள்தோறும் மூன்று இலக்கணங்களைக் கையாள்கின்றனர். 'வந்தாள்' என்னும் தமிழ் வினைமுற்று காலத்தையும் திணை, பால், எண், இடங்களையும் ஒருங்கே உணர்த்தும். மலாய் வினையோ காலத்திற்கேற்ப உருமாறாது. 'பெர்கி' நேற்றும் நாளையும் 'பெர்கி'யே. 'சுடா', 'அக்கான்' போன்ற துணைச்சொற்களே காலம் காட்டும். ஆங்கிலம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அங்கே காலம் வினையில் வெளிப்படும். இடத்தைக் காட்டும் ஈறோ பெரும்பாலும் தேய்ந்துபோய், நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் ஒரு 'ஸ்' ஒலியாக மட்டும் எஞ்சியுள்ளது.

அந்த ஒலிக்கும் வரலாறு உண்டு. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் 'கமெத்' என்றே எழுதிற்று. வட இங்கிலாந்து வழக்கான 'கம்ஸ்' பின்னரே எங்கும் நிலைபெற்றது. 'ஹெல்ப்' என்பதன் இறந்தகாலம் ஒருகாலத்தில் 'ஹோல்ப்', இன்று 'ஹெல்ப்டு'. இவ்வாறு மாறிவந்த வழக்குகளுக்கு 18ஆம் நூற்றாண்டு இலக்கண நூலார் வரம்பு கட்டினர். அவர்களுள் லிண்ட்லி மரே தம் நூலை வெளியிட்டது 1795இல். டச்சுக்காரரிடமிருந்து மலாக்காவை ஆங்கிலேயர் கைப்பற்றியதும் அதே ஆண்டில்தான்.

அடுத்த ஆண்டு, 1796இல், மலாக்காவில் பிறந்தார் தமிழ் வழிவந்த முன்ஷி அப்துல்லா. இளமையில் தமிழும் கற்ற அவர், கிறித்துவப் பாதிரிமாருக்கு மலாய் கற்பித்தார். நற்செய்தி நூலை மலாயில் பெயர்த்த தாம்சன் பாதிரியார் ஆங்கில நடையையே மலாய்மேல் ஏற்றியதைத் தம் வரலாற்று நூலில் அவர் குறைகூறுகிறார். ஒரு மொழியின் அச்சில் பிறிதொரு மொழியை வார்க்கலாகாது என்பதே அக்கண்டனத்தின் சாரம்.

அப்பாடம் நமக்கும் உரியது. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் இரப்பர் பயிரிட்டபின் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களின் பள்ளிகள் தமிழ் வழியில் நடந்தன. ஆங்கில வழிக் கல்வி பெரும்பாலும் நகரத்திற்கே உரியதாயிற்று. 1970 முதல் ஆங்கில வழிப் பள்ளிகளும் படிப்படியாக மலாய் வழிக்கு மாறின. ஆகவே தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழியாகவே அமைந்தது.

இதனை அறிந்த ஆசிரியர் பிழையின் ஊற்றைக் காண்பார். 'அவர் நேற்று வந்திருக்கிறார்' என்பது தமிழில் வழு அன்று. அதனைப் பின்பற்றிய 'ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே' என்பதோ வழு. காலம் சுட்டி உரைத்தால் ஆங்கிலம் 'கேம்' என்பதையே வேண்டும். 'ஐ ஈட் ஆல்ரெடி' என்பதில் 'சுடா' ஒலிக்கிறது. 'ஷி கோ' என்று எழுதும் மாணவனிடம் 'அவள் போகிறேன்' எனத் தமிழில் சொல்வாயா என்று வினவுங்கள். விடுபட்ட ஈற்றின் பணி அவனுக்கு உடனே விளங்கும்.

பிழை செய்யும் பிள்ளையை அறிவிலி என நகைப்பதால் அவன் வாய் மூடுமேயன்றி வினை திருந்தாது. அவன் தாய்மொழி இலக்கணத்தைத் தெளிவுறக் கற்பியுங்கள். முக்காலத்தையும் பால் ஈறுகளையும் அறிந்த மாணவனுக்கு ஆங்கில வினை அயலானதாயினும் அச்சமூட்டுவதாக இராது.