துரைமார் மீனும் குட்டை மீனும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் பக்கம் போனால், பழைய ஈயக்குட்டைகளின் கரையில் தூண்டிலோடு குந்தியிருப்பவர்களைப் பார்க்கலாம். தோட்டத்துப் பிள்ளைகள், ஈப்போவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த சீனர்கள், கம்பத்து மலாய்க்காரர்கள் என எல்லாரும் இருப்பார்கள். யாரும் யாரையும் விரட்டுவதில்லை. இந்தக் குட்டைகள் மனிதன் தோண்டிய பள்ளங்கள். அப்படியானால் இவற்றில் மீன் எப்படி வந்தது? சில மீன்கள் வெள்ளத்தோடு ஆற்றிலிருந்து வந்தவை. மற்றவை மனிதர் கொண்டுவந்து விட்டவை.

மீனை ஓர் ஊர்த் தண்ணீரிலிருந்து எடுத்து வேறோர் ஊர்த் தண்ணீரில் விடுவதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு நம் இனத்தார் உழைத்த மலைகள் வழியாகவும் போகிறது. ஆகவே முதலில் மலைக்குப் போய்விட்டுப் பிறகு குட்டைக்கு வருவோம்.

டிரவுட் என்று ஒரு மீன். குளிர்ந்த, தெளிந்த, ஓடுகிற தண்ணீரில்தான் அது நன்றாக வாழும். தூண்டிலில் மாட்டினால் எளிதில் கரைக்கு வராது, இழுத்துப் போராடும். ஆங்கிலேயத் துரைமாருக்கு அதைத் தின்பதைவிடப் பிடிப்பதில்தான் ருசி அதிகம். தாங்கள் போன நாடுகளுக்கெல்லாம் அதைக் கொண்டுபோக ஆசைப்பட்டார்கள். உயிர்மீன் அவ்வளவு தூரம் தாங்காது. ஆனால் முட்டைக்குள்ளே குஞ்சின் கண் இரண்டு கரும்புள்ளிகளாகத் தெரியத் தொடங்கியபின், குளிர்ச்சியாக வைத்தால் முட்டை பயணத்தைத் தாங்கும். 1864-இல் நார்போக் என்ற கப்பல் முட்டைகளைப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, ஏறக்குறைய மூன்று மாதம் கடலில் சென்று ஆஸ்திரேலியா சேர்ந்தது. அங்கிருந்து டாஸ்மேனியாவுக்குப் போன முட்டைகள் பொரித்தன. ஒரு விளையாட்டுக்காக இத்தனை பாடு!

இலங்கையில் 1880களில் நுவரெலியாப் பக்கம் பழுப்பு டிரவுட்டைக் கொண்டுவந்தார்கள். 1896-இல் அதற்கென்றே சிலோன் மீன்பிடிச் சங்கம் ஏற்பட்டது. பின்னர் அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த வானவில் டிரவுட் வந்தது. ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் இது தானாகவே இனம் பெருக்கிக்கொண்டது. நீலகிரியில் 1860களிலேயே பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றிருந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, எச். சி. வில்சன் என்பவர் இலங்கை முட்டைகளைக் கொண்டுவந்து வெற்றி பெற்றார். 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. மூணாறு மலையிலும் தேயிலைத் துரைமார் டிரவுட் வளர்த்தார்கள்.

இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி: அந்த மீன் யாருக்காக வளர்ந்தது? நீலகிரியில் வேட்டை விலங்கையும் மீனையும் காப்பதற்கென்று 1879-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. லைசென்ஸ் வாங்கியவர்தாம் பிடிக்கலாம். காத்தது மீனைத்தான், ஆனால் யாரிடமிருந்து காத்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஓடைக்கு மேலே லயம், லயத்துக்கு மேலே தேயிலை. கொழுந்து கூடையைச் சுமந்து அந்த ஓடையைத் தாண்டிப் போகிறவருக்கு, உள்ளே நீந்துகிற மீன் சட்டிக்கு வரும் மீன் அல்ல. நம் தாத்தா பாட்டிமார் கப்பலேறிய அதே தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்கள்தாம் அவர்களும்.

கிந்தா பள்ளத்தாக்கில் இந்த விளையாட்டுக்கு இடமில்லை. இங்கே தண்ணீர் சூடு. ஏறத்தாழ இருபது டிகிரிக்கு மேல் போனால் டிரவுட் தவிக்கத் தொடங்கும். நம் குட்டைகள் முப்பதை நெருங்கும். இங்கே துரைமார் தேடியது ஈயத்தை. பத்து காஜாவுக்குத் தெற்கே இன்றும் நிற்கிறதே, ஐந்தாம் எண் ஈயக் கப்பல், அது 1938-இல் கட்டப்பட்டது. எடை 4,500 டன். 1982-இல் நின்றுவிட்டது. 1985-இல் ஈய விலை சரிந்தபோது மற்றவையும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மிச்சமானது வெள்ளை மணலும் பள்ளத்துத் தண்ணீரும்தான்.

அந்தத் தண்ணீரை நிரப்பியது பசி. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து திலாப்பியா வந்தது. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம் அது. எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும் மீன் அப்போது தேவைப்பட்டது. பிறகு சீன விவசாயிகள் குட்டைகளில் புல் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் வளர்த்தார்கள். மழைக்காலத்தில் அவற்றில் சில பக்கத்துக் குட்டைக்கும் தப்பிப் போயின. மாதக் கடைசியில் கைக்காசு தீர்ந்த வீட்டுக்கு, ஒரு மண்புழுவும் ஒரு நரம்பும் இருந்தால் குழம்புக்கு வழி கிடைத்தது. சேற்று வாடை போகப் புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைக்க வேண்டும், அவ்வளவே.

இதோடு கதை முடிந்திருந்தால் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அண்மைப் பத்தாண்டுகளில் மீண்டும் விளையாட்டுக்காக மீன் விடும் பழக்கம் வந்துவிட்டது. அமேசான் ஆற்றுப் பக்கத்துப் பீக்காக் பாஸ் என்ற மீனைத் தூண்டில் பிரியர்கள் பேராக் ஈயக்குட்டைகளிலும் விட்டிருக்கிறார்கள். பார்க்க அழகு. வாலில் மயில்கண் போல ஒரு புள்ளி இருக்கும். டிரவுட்டைப் போலவே போராடும். ஆனால் அது மற்ற மீன்களைத் தின்று வாழ்வது. பனாமா நாட்டின் காட்டூன் ஏரியில் 1967 வாக்கில் இதே மீன் புகுந்தது. சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்த சிறு மீன் இனங்களில் பெரும்பாலானவை காணாமற்போயின. அவற்றில் கொசுப் புழுவைத் தின்பவையும் இருந்தன.

மீன்வளத்துறை பொது நீர்நிலைகளில் லம்பாம் போன்ற மீன்களின் குஞ்சுகளை விடுவது உண்டு. அவை விரல் நீளம்கூட இருக்காது. பீக்காக் பாஸ் இருக்கும் குட்டையில் அத்தகைய குஞ்சுகளில் எத்தனை கைப்பிடி நீளத்துக்கு வளரும்? ஒரு குட்டைக் கரையில் நாங்கள் சந்தித்த ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி ஒருவர் இதைத் தம் வழியில் சொன்னார். பத்து மணிக்குள் முன்பு வாளியில் பாதி நிறையுமாம். இப்போது பெரிய மீன் ஒன்று மாட்டும், பக்கத்தில் நிற்கும் இளைஞர் அதைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிடுவாராம். "அதையாவது எங்கிட்டக் கொடுத்துட்டுப் போகலாமில்ல, தம்பி?" என்று கேட்டாராம்.