வன்னி யானையும் விக்டோரியா காலத்துத் துரைமாரும்

விக்டோரியா மகாராணி காலம் என்றதும் பிள்ளைகள் வீதி, கோப்பித் தோட்டம், ரயில் என்று எழுதுவார்கள். அந்தத் துரைமார் எதைப் பெருமையாக நினைத்தார்கள் என்பது பரீட்சைக்கு வராது. எங்கள் காட்டு யானையை வைத்தே அதைச் சொல்லலாம்.

இலங்கையில் 1845 முதல் 1850 வரை பெரிய பதவியில் இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு கணக்கு: 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. தலைக்குச் சில சிலிங் அரசாங்கச் சன்மானம். (அன்றைய வடமாகாணத்தில் வன்னியோடு அனுராதபுரப் பக்கமும் அடங்கும்.)

அது காசுக்கு. துரைமார் சுட்டது பெருமைக்கு. மேஜர் ரொஜர்ஸ் தனியாளாக 1,400க்கு மேல். கப்டன் கோல்வே அதில் பாதிக்கு மேல். வீதி போட்டவர் என்று நாம் படிப்பிக்கும் ஸ்கின்னரும் ஏறத்தாழ அந்தளவு. தந்தத்துக்காகவும் இல்லை, இலங்கை யானையில் நூற்றுக்கு ஒன்றுக்குக்கூடத் தந்தம் அரிது என்று டெனன்டே எழுதுகிறார். யானையைச் சுடப் பெரிய குறிபார்க்கும் திறமை தேவையில்லை என்றும் சொல்லிவிட்டார் மனிதர்! ஆனாலும் சாமுவேல் பேக்கர் 1854இல் தன் இலங்கை வேட்டைக் கதைகளைப் புத்தகமாகப் போட, இங்கிலாந்து விரும்பி வாசித்தது. யானைக் காலைப் பதப்படுத்திக் குடை வைக்கும் சாடியாக வாசலில் வைப்பது அந்தக் காலத்து வீட்டு அழகு. மிருகவதைத் தடுப்புச் சங்கத்துக்கு 1840இல் 'ரோயல்' பட்டம் கொடுத்ததும் அதே மகாராணிதான். வண்டில் குதிரைக்கு இரங்கிய மனம் எங்கள் காட்டுக்கு வரும்போது வேறாகிவிட்டது.

அதே நூலில் எங்களவர்களும் வருகிறார்கள். வடக்கிலும் வடமேற்கிலும் இருந்த சோனக ஊர்களின் பணிக்கர்மார். மான் தோல், எருமைத் தோலில் முறுக்கிய கயிறுதான் ஆயுதம். இரண்டே பேர் சத்தமில்லாமல் பின்னால் போய், யானையின் பின்னங்காலில் சுருக்குப் போட்டு மரத்தில் கட்டுவார்கள். அந்த யானைகளை வாங்கத் தென்னிந்திய ராஜாக்களின் ஆட்கள் இங்கு வந்து போனார்கள். யானை உயிரோடு இருந்தால்தான் இவர்களுக்குப் பிழைப்பு. காற்று எந்தப் பக்கம், மிருகம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று ஏறாவூர்ப் பணிக்கர்மாரைப் பலருக்குத் தெரியும். எங்கள் பக்கத்துப் பணிக்கர்மாரை யாரும் பேசுவதில்லை. நெடுங்கேணியிலும் செட்டிகுளத்திலும் யானை வெடியோடு இரவெல்லாம் வயலில் முழித்திருக்கிறோம்.

உங்கள் மூத்தவாப்பா, அப்பப்பா யாராவது யானை பிடித்த கதை சொல்லியிருந்தால், அந்தக் கயிறு எப்படி முறுக்கினார்கள் என்றாவது கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும.