அல் கபோன்

அல் கபோன் (1899–1947) அமெரிக்காவின் மதுவிலக்குக் காலத்தில் சிகாகோ நகரின் கள்ள மது வணிகத்தைத் தன் பிடியில் வைத்திருந்த குற்றக் கும்பல் தலைவர். இத்தாலியிலிருந்து குடியேறிய முடிதிருத்துநர் ஒருவரின் மகனாக, 1899 ஜனவரி 17 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். 14 வயதில் ஆசிரியை ஒருவரைத் தாக்கியதோடு படிப்பு நின்றது. பிராங்கி யேல் என்ற தாதாவின் மதுக்கூடத்தில் வேலை செய்தபோது ஒரு பெண்ணைத் தரக்குறைவாகப் பேசினார்; அவளுடைய சகோதரன் கத்தியால் அவரது இடக் கன்னத்தைக் கிழித்தான். 'தழும்பு முகம்' என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. அப்பெயரை அவர் வெறுத்தார். படம் எடுப்பவர்களுக்கு வலப்பக்கத்தையே காட்டுவார்.

1920 ஜனவரி 17 அன்று நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மது தயாரிப்பதையும் விற்பதையும் எடுத்துச் செல்வதையும் சட்டம் தடுத்ததே தவிர, குடிப்பதைக் குற்றமாக்கவில்லை. வாங்குவோர் குறையாததால் கள்ள விற்பனையில் பணம் குவிந்தது. சிகாகோவில் ஜானி டோரியோவின் வலக்கையாகச் சேர்ந்த கபோன், வடிசாலைகளையும் சூதாட்ட விடுதிகளையும் நடத்தினார். காவலர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் மாமூல் போனது. 1924 தேர்தலில் வாக்குச்சாவடிகளுக்குத் துப்பாக்கியுடன் ஆட்களை அனுப்பி, அருகிலுள்ள சிசரோ நகராட்சியைக் கும்பல் கைப்பற்றியது. அன்றைய மோதலில் கபோனின் அண்ணன் பிராங்க் காவலர்களின் குண்டுக்கு இரையானார். 1925இல் எதிரிகளால் சுடப்பட்ட டோரியோ உயிர் தப்பி ஒதுங்கிக்கொள்ள, 26 வயதில் கபோன் தலைவரானார்.

1929 பிப்ரவரி 14 அன்று, எதிரியான பக்ஸ் மோரானின் கும்பலைச் சேர்ந்தவர்கள் கூடியிருந்த வண்டிக் கொட்டகைக்குள் காவலர் உடையணிந்த இருவர் உட்படச் சிலர் புகுந்தனர். அங்கிருந்த 7 பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றனர். கபோன் அப்போது புளோரிடாவில் இருந்தார். இக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆயினும் நாடே கொதித்தது. அவரை எப்படியும் சிறையில் அடைக்க வேண்டும் என்பதில் மத்திய அரசு தீவிரமானது.

சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு என்று 1927இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கபோன் வருமான வரிக் கணக்கே காட்டியதில்லை. அவர் பெயரில் வங்கிக் கணக்கும் சொத்தும் இல்லாததால் வருமானத்தை மெய்ப்பிப்பது கடினமாக இருந்தது. முன்பு ஒரு சூதாட்ட விடுதியில் கைப்பற்றப்பட்டுக் கவனிப்பாரற்றுக் கிடந்த பேரேடு வரித்துறை அதிகாரி பிராங்க் வில்சனின் கையில் சிக்கியது. அதிலிருந்த கையெழுத்தைக் கொண்டு அவர் கணக்கரைக் கண்டுபிடித்துச் சாட்சியாக்கினார். ஜூரிகளை விலைக்கு வாங்கக் கபோன் தரப்பு முயன்றது தெரிந்ததும், நீதிபதி வில்கர்சன் விசாரணை தொடங்கும் நாளில் ஜூரிப் பட்டியலையே மாற்றினார். 1931 அக்டோபரில் 11 ஆண்டுச் சிறையும் 50,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மதுவிலக்கு அதிகாரி எலியட் நெஸ்ஸின் குழு திரட்டிய மதுவிலக்கு வழக்கு விசாரணைக்கே வரவில்லை.

அட்லாண்டா சிறையிலிருந்து 1934இல் அல்கட்ராஸ் தீவுச் சிறைக்கு மாற்றப்பட்டார். முற்றிய சிபிலிஸ் நோய் மூளையைப் பாதித்தது. 1939 நவம்பரில் விடுதலையான அவர், 1947 ஜனவரி 25 அன்று புளோரிடாவில் தம் வீட்டில் இறந்தார். மதுவிலக்கு 1933இலேயே நீக்கப்பட்டது. அவர் வளர்த்த கும்பலோ பிராங்க் நிட்டி முதலியோரின் கீழ், சூதாட்டத்தையும் தொழிற்சங்கங்களில் பணம் பறிப்பதையும் நம்பித் தொடர்ந்து இயங்கியது.